மாத வருமானத்துக்கு ஆப்ஷன் விற்கலாமா?

கேள்வி: என்னிடம் ஐடிசி பங்கு ஒரு லாட் (ஆப்ஷனில் ஒரே தொகுப்பாக வர்த்தகமாகும் எண்ணிக்கை) அளவுக்கு இருக்கிறது. அதை வைத்து மாதாமாதம் கால் ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) விற்று பிரீமியம் (அந்த உரிமைக்கான விலை) எடுக்கலாம் என்கிறார்கள். ரிஸ்க் எங்கே?

பதில் 1: கையில் பங்கை வைத்துக்கொண்டு விற்கும் கவர்டு கால்தானே, செய்யலாம். உதாரணத்துக்கு, 400 ரூபாய் பங்குக்கு, 420 ரூபாய்க்கு வாங்கும் உரிமை தரும் கால் ஆப்ஷனை 4 ரூபாய்க்கு விற்றால், பங்கு 450க்குப் போனாலும் உங்கள் கைக்கு வருவது 424தான், 340க்கு இறங்கினாலோ அந்த 4 ரூபாய் எந்த மூலைக்கு? தவிர, இங்கே பங்கு ஆப்ஷன்களுக்கு டெலிவரி செட்டில்மென்ட், அதாவது எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) அன்று பங்கு 420க்கு மேல் முடிந்தால் பங்கைக் கொடுத்தாக வேண்டும். விட மனமில்லாத பங்கில் இதைச் செய்யாதீர்கள்.

பதில் 2: பழகியதும், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் வெறும் புட் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) விற்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு வந்த நாளில், நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது; இப்படிச் சந்தை விழும்போது புட் விற்றவருக்குத்தான் பெரிய நஷ்டம். விற்றே தீருவேன் என்றால் அதைவிடக் குறைந்த விலைக்கான ஒரு புட் வாங்கிவிட்டு விற்கவும், நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருக்கும், மார்ஜினும் (புரோக்கரிடம் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை) குறையும்.

கேட்டவர்: சரி, பங்கு 420ஐத் தாண்டினால், விற்ற கால் ஆப்ஷனைத் திரும்ப வாங்கி மூடிவிட்டு அடுத்த மாதத்துக்கானதை விற்று ரோல் செய்யலாமா?

பதில் 1: செய்யலாம். ஆனால் மூடுகிற செலவு அடுத்த மாதப் பிரீமியத்தைவிட அதிகமானால், பேசாமல் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.