முத்து காமிக்ஸ் முதல் புக்கு 12,000 சொல்றாங்க, ஒரிஜினலான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கொஞ்சம் அவசரம்

தகரப்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுல எங்க பெரியம்மா வீட்டுல பீரோ மேல ஒரு தகரப்பெட்டி இருக்கும், அது நிறைய முத்து, லயன், ராணி காமிக்ஸ், லீவுக்கு நான் அங்க போறதே அதுக்காகத்தான், அண்ணன் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது மொத்தத்தையும் எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிட்டாங்க. இப்ப கைல கொஞ்சம் காசு பொழங்குறதால மறுபடி சேக்குறேன். ராணி நாப்பது தேறிடுச்சு. இந்த நேரத்துல ஒருத்தர் வாட்ஸ்அப்புல "இரும்புக்கை மாயாவி, 1972 ஜனவரி, முத்துவோட முதல் புக்கு, ஃபர்ஸ்ட் பிரிண்ட்"னு அட்டை போட்டோ அனுப்பி 12,000 கேக்குறார், நாளைக்குள்ள சொல்லலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். ஆயிரம் ரூபா அட்வான்ஸ் போட்டுட்டேன், திட்டாதீங்க. தாள் நல்லா பழுப்பா இருக்கு, ஓரமெல்லாம் நொறுங்குது. அப்ப பழசுதானே?

மஞ்சத்தாள்:
திட்டல, ஆனா அட்வான்ஸ் போட்டுட்டு வந்து கேக்குறீங்க பாருங்க, அதான் மனுசன் 😀 தாள் பழுப்பா இருக்குறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தலைவா. நியூஸ்பிரிண்ட்டை மொட்டை மாடி ரூம்ல ரெண்டு கோடைக்கு போட்டு வச்சா அதுவே பழுத்துரும், என்கிட்ட இருக்கிற 90கள் புக்கெல்லாம் அப்பளம் மாதிரி ஒடியுது. மாயாவி கதைங்க எத்தனையோ தடவை மறுபதிப்பு வந்திருக்கு, அந்த மறுபதிப்பே இப்ப பழசாயிருச்சு, குழப்பமே அங்கதான். பதிப்பகம் அட்ரஸ் போட்டிருக்கிற பக்கத்தையும் விலை போட்டிருக்கிற இடத்தையும் க்ளோஸப்ல கேட்டு வாங்குங்க. அட்டைய விட்ருங்க, கலர் ஜெராக்ஸ் அட்டைய பின் அடிச்சு விக்கிறவங்களும் இருக்காங்க.

தகரப்பெட்டி:
கேட்டேன், முதல்ல "நம்பிக்கை இல்லன்னா விடுங்க"ன்னு கோவிச்சுக்கிட்டார், அப்புறம் அனுப்பிட்டார். கீழ அட்ரஸ்ல சிவகாசின்னு போட்டு பக்கத்துல 626ல ஆரம்பிக்கிற ஆறு நம்பர் இருக்கு. வேற ஒண்ணும் வித்தியாசமா தெரியல.

போஸ்டாபீஸ்_பேரன்:
தம்பி நில்லுங்க நில்லுங்க. ஆறு நம்பரா? அது பின்கோடு. நம்ம நாட்டுல பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ம் தேதி. ஜனவரில அச்சடிச்ச புக்குல ஆகஸ்ட்ல வரப்போற நம்பரை எவன் போட்டான்? மாயாவியே கரண்ட்டுல கைய வச்சு மறைஞ்சு போய் போட்டுட்டு வந்தாரா? எங்க தாத்தா தபால்காரர், அதனால இந்தத் தேதி எங்க வீட்டுல பால்குடி புள்ளைக்கும் தெரியும். ஒண்ணு மட்டும் கவனிங்க, பழைய புக்குல "சென்னை-17"ன்னு ஒத்தை, ரெட்டை நம்பர் இருந்தா அது வேற, அது அந்தக்கால பேட்டை நம்பர், பின்கோடுக்கு முன்னாடியே உண்டு. சிவகாசிக்கு ஆறு இலக்கம்னா கதை முடிஞ்சுது.

மஞ்சத்தாள்:
ஆஹா 👏 இது எனக்கே தோணல. இன்னொண்ணும் பாருங்க, "விலை"ங்கிற வார்த்தைல லை எப்படி இருக்கு? 1978ல எம்ஜிஆர் ஆட்சில எழுத்துச் சீர்திருத்த ஆணை வர்ற வரைக்கும் லை, னை, ளை, ணை நாலுக்கும் முன்னாடி யானை தும்பிக்கை மாதிரி வளைஞ்ச கொம்பு இருக்கும். தலைப்புல தேடாதீங்க, "இரும்புக்கை"ல வர்ற கை அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். உள்ள பலூன்ல "இல்லை", "வேலை"ன்னு எங்கயாவது வரும், அதைப் பாருங்க. னா, றா, ணா மூணும் கூட அப்ப சுழிச்சு ஒரே எழுத்தாத்தான் இருக்கும்.

கொட்டாவி:
பெரியாரோட குடிஅரசு பத்திரிகைல 1935லேயே புது எழுத்து வந்துருச்சே?

மஞ்சத்தாள்:
வந்துச்சு சார், ஆனா பெரும்பாலான அச்சாபீஸ் அதைத் தொடல, காமிக்ஸ்ல நான் பாக்கவே இல்ல. அதே மாதிரி 78க்கு அப்புறமும் பழைய அச்சை வச்சு ஓட்டுனவங்க உண்டு, அதனால கொம்பு இருக்குங்குறதாலயே 72ன்னு சொல்லிர முடியாது. கொம்பு இல்லாம 72ன்னு சொன்னா மட்டும் நம்பாதீங்க.

தகரப்பெட்டி:
இப்பதான் ஜூம் பண்ணேன். "இல்லை"ல கொம்பு இல்ல. "என்னால்" கூட இப்ப நாம எழுதுற மாதிரியேதான். போச்சு ஆயிரம் ரூபா.

பின்னடிச்சவன்:
அதுக்குள்ள அழுவாதீங்க, அவரும் தெரியாம விக்கலாம். எடைக்கடைல மொத்தமா அள்ளுறவங்க பாதிப்பேருக்கு என்ன புக்குன்னே தெரியாது, யாராவது "மாயாவி முதல் புக்கு அபூர்வம்"னு சொல்லியிருப்பாங்க, உடனே விலை ஏறிரும். பின்கோடு விஷயத்தை சண்டை இல்லாம சொல்லிப் பாருங்க. நேர்ல பாக்க முடிஞ்சா பின்னையும் பாருங்க, அம்பது வருசப் பின்னு துரு புடிச்சு பக்கத்து தாள்லயும் காப்பிக்கலர் கறை இறங்கியிருக்கணும், பளபளன்னு இருந்தா யாரோ புதுசா அடிச்சது. முதுகுப்பக்கம் வரிசையா ஊசி ஓட்டை இருந்தா பைண்டிங்லேர்ந்து பிரிச்சது, பைண்ட் பண்றவர் மூணு பக்கமும் கட்டிங் போட்டிருப்பார், அதனால புக்கு கொஞ்சம் குட்டையா இருக்கும், கலெக்டர் யாரும் முழு விலை குடுக்க மாட்டாங்க. எங்கப்பாவும் என்னோடத அப்படித்தான் அழகா பைண்ட் பண்ணிக் குடுத்தார், பெருமையா வேற.

தகரப்பெட்டி (ரெண்டு நாள் கழிச்சு):
பேசிட்டேன். முதல்ல கத்துனார், ஆகஸ்ட் 15 விஷயத்தை சொன்னதும் ரெண்டு நிமிசம் சத்தமே இல்ல, அப்புறம் "ஒரு வீட்டுல சாக்கோட எடுத்தது தம்பி, எனக்கென்ன தெரியும்"னார். கடைசில அந்த ஆயிரத்துக்கே புக்கைக் குடுத்துட்டார், மறுபதிப்புக்கு ஆயிரம் ஜாஸ்திதான்னு தெரியும், இருந்தாலும் மாயாவி வந்துட்டார். இப்ப வேற பிரச்சனை, புக்கைத் திறந்தா வெள்ளியா ஒரு பூச்சி சர்ருன்னு ஓடுது. என் ராணி எல்லாம் அதே அலமாரில இருக்கு. பாச்சா உருண்டை போடவா?

மஞ்சத்தாள்:
அது ராமபாணம். முதல்ல ராணியத் தனியா எடுங்க. உருண்டை வேணாம், நாத்தம் ஜென்மத்துக்கும் போகாது, பூச்சியும் முழுசா சாகாது. புக்கை ஜிப் கவர்ல போட்டு காத்தை அமுக்கி எடுத்துட்டு ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் ஆசைல உடனே பிரிச்சுறாதீங்க, ஒரு நாள் முழுக்க கவரோட அப்படியே கிடக்கட்டும், இல்லன்னா வேர்த்து தாள் ஈரமாயிரும். அப்புறம் ஃபேன் காத்துல நிழல்ல விரிச்சு வச்சு மெத்துனு ஒரு பிரஷ்ல தட்டி விடுங்க. வெயில்ல காயப்போடாதீங்க. கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, ஒட்டுனா அதுவே மஞ்சக்கறை.

தகரப்பெட்டி:
ஃப்ரீசர்ல வச்சாச்சு. அம்மா மீன் கவர்னு நெனச்சு எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம திரும்ப வச்சுட்டாங்க.

போஸ்டாபீஸ்_பேரன்:
😂 தம்பி, ராணில முதல் புக்கு இருக்கா, 1984 ஜூலை, ஜேம்ஸ்பாண்ட் "அழகியைத் தேடி"? என்கிட்ட ரெண்டு காப்பி இருக்கு, ஒண்ணுல அட்டை மட்டும் கிழிசல். உங்ககிட்ட டபுள் என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க, மாத்திக்கலாம்.