மறு: ‘நாய்ஸ் ஃப்ளோர்’: இரைச்சல் தளமா, அடியிரைச்சலா?

நண்பர்களுக்கு வணக்கம். நிலையம் எதுவும் வராதபோதும் வானொலியில் மிஞ்சும் சத்தத்தை ஆங்கிலத்தில் ‘நாய்ஸ் ஃப்ளோர்’ (noise floor) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘அடியிரைச்சல்’ என்று வைக்கலாமா என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு இது என் பதில்.

> ‘இரைச்சல் தளம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக இன்னொன்று எதற்கு?

இருக்கிறதுதான். நானும் அதை வைத்தே எழுத ஆரம்பித்தேன். சிற்றலை (ஷார்ட்வேவ்) கேட்கப் புதிதாக மேசை வானொலி வாங்குகிறவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதில் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மாட்டிக்கொண்டேன். “மாலையில் இரைச்சல் தளம் உயரும்” என்று ஒரு வரி. படித்துப் பார்த்த என் தம்பி, “எந்தத் தளம்? வலைத்தளமா, மூணாவது மாடியா?” என்று கேட்டான். கிண்டல்தான், ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் தளம் போடுவோம், தளம் இடிந்து விழும். அது தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்காது. இந்தச் சங்கதியோ நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்குகிறது.

சொல் எதைக் குறிக்க வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். எந்த நிலையமும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். அப்போதும் ‘உஸ்’ என்றோ ‘கொர’ என்றோ ஒரு சத்தம் மிஞ்சும். அதுதான். அதற்குக் கீழே போன குறிகை (சிக்னல்) எதுவும் காதுக்கு வராது. ஆற்றில் தண்ணீர் வற்றினால்தானே அடியில் கிடக்கும் கல் தெரியும், அந்த மாதிரி.

எனக்கு இது புரிந்தது மின்வெட்டில். 2012இல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது நினைவிருக்கும். என்னிடம் இருப்பது ஐகாம் ஆர்75 என்ற மேசை வானொலி. அதை 12 வோல்ட் பேட்டரியில் போட்டு பிபிசி தமிழோசை கேட்பேன் (2017 ஏப்ரலோடு அந்த ஒலிபரப்பு நின்றுவிட்டது). தெருவே இருண்ட அந்த நொடியில் வானொலியின் கரகரப்பு அப்படியே அடங்கி, அறிவிப்பாளர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல ஆகிவிட்டது. நிலையம் வலுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மீட்டரில் அளவு கொஞ்சமும் ஏறவில்லை. நிலையம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் காலடியில் இருந்த இரைச்சல்தான் வடிந்துபோயிருந்தது.

கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். குறிகையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் எஸ்9 என்றால் உள்ளே வரும் குறிகை 50 மைக்ரோவோல்ட். அதற்குக் கீழே ஒவ்வொரு படியும் 6 டெசிபெல் (வலுவை ஒப்பிடும் அளவு). (வானொலிகளின் முள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றும் என்று நம்ப வேண்டாம்.) வீட்டில் இரைச்சல் எஸ்5இல் நிற்கிறது, நிலையம் எஸ்7இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 12 டெசிபெல், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இன்னும் நீளமாக ஏரியல் கம்பி கட்டினால்? இரைச்சல் எஸ்6, நிலையம் எஸ்8. அதே 12. மின்சாரம் போய் இரைச்சல் எஸ்2க்கு இறங்கினால் இடைவெளி 30. இந்த ஒரு கணக்கு தெரியாமல் நான் பல வருடம் கம்பியை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நான் முன்வைப்பது ‘அடியிரைச்சல்’. அடிமண், அடிவண்டல் என்கிறோம். பேஸ்பேண்டுக்கு அடிக்கற்றை என்று எழுதுகிறோம். அந்த வரிசையில் இது உட்காரும். அளவைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘அடியிரைச்சல் மட்டம்’ என்று நீட்டிக்கொள்ளலாம். நீர்மட்டம் மாதிரி அது ஏறலாம், இறங்கலாம்.

> இலங்கையில் ‘பின்னணி இரைச்சல்’ என்றாலே விளங்கும்.

விளங்கும், ஐயா. ஆனால் பேட்டி ஒலிப்பதிவில் கேட்கும் பஸ் சத்தமும் பின்னணி இரைச்சல்தான். வெறும் ‘இரைச்சல் மட்டம்’ என்றாலோ தீபாவளி வெடிக்கு அளப்பதும் அதுதானே. இங்கே நமக்கு வேண்டியது ‘இதற்குக் கீழே ஒன்றும் கேட்காது’ என்ற பொருள். ‘அடி’ அதைக் கொண்டுவருகிறது.

இன்னொரு சோதனையும் செய்தேன். இந்தத் துறையில் இரண்டு அடியிரைச்சலைப் பிரித்துப் பேச வேண்டும். ஒன்று கருவிக்குள்ளேயே பிறப்பது. எவ்வளவு நல்ல கருவியானாலும் அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) வெப்ப இரைச்சல் உண்டு. 6 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் (வானொலி ஒரே நேரத்தில் உள்ளே விடும் அலைவரிசையின் அகலம்) அது சுமார் −136. மற்றது ஏரியல் வழியாக வருவது: மின்னல், எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர். எது மேலே நிற்கிறது என்று அறிய ஏரியலைக் கழற்றினால் போதும். சத்தம் சட்டென்று குறைந்தால் இடத்தின் அடியிரைச்சல்தான் மேலே இருக்கிறது. முன்பெருக்கியை (குறிகையை உள்ளே வந்ததும் பெருக்கும் பகுதி) போட்டு ஒரு பயனும் இல்லை. சிற்றலையின் கீழ்ப்பட்டைகளில், 49, 41 மீட்டர் அலைநீளத்தில், ஊருக்குள் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலைமை. இப்போது ‘கருவியின் தளம்’, ‘இடத்தின் தளம்’ என்று எழுதிப் பாருங்கள். மனை விற்கிறவர் பேசுவது போல் இருக்கிறது.

கையேட்டில் இந்தச் சொல்லோடு எழுதிய பத்தி ஒன்றைக் கீழே தருகிறேன், வாசித்துப் பார்த்து இடறும் இடத்தைச் சொல்லுங்கள்:

“வானொலியைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். அடியிரைச்சல் இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளே இருக்கிறது. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். ஏரியலை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டி, கோ-ஆக்ஸ் கேபிளில் (சுற்றிலும் உலோக உறை உள்ள கம்பி) கொண்டுவந்தால் இடத்தின் அடியிரைச்சல் குறையும். பட்டையகலத்தை 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3க்குக் குறைத்தால் அடியிரைச்சல் இன்னும் 3 டெசிபெல் இறங்கும், ஆனால் பேச்சு கொஞ்சம் மொத்தையாகக் கேட்கும்.”

(என் வீட்டுக் குற்றவாளி மாடிப்படி எல்இடி பல்பு. ஒரே ஒரு பல்பு!)

உள்ளே வரும் குறிகையைக் குறைக்கும் அட்டனுவேட்டருக்கு ‘வலுக்குறைப்பி’ என்று ஒருவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பக்கத்து நிலையங்கள் மிகவும் வலுவாக வந்து வானொலியின் முன்பகுதி திணறும்போது அதைக் கொண்டு 20 டெசிபெல்லைக் குறைத்தால், அந்தத் திணறலில் பிறக்கும் பொய்க் குறிகைகள் மறைந்துவிடும். அந்தத் திணறலுக்கு, அதாவது ஓவர்லோடுக்கு, ‘திணறல்’ என்றே வைத்துவிடலாமா என்று ஒரு யோசனை. அதைத் தனி இழையில் பேசலாம்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. சேர்த்து ‘அடியிரைச்சல்’ என்று எழுதுவதா, பிரித்து ‘அடி இரைச்சல்’ என்றா? பிரித்தால் யாரோ யாரையோ அடிப்பது போலத் தெரிகிறது. சேர்த்தால் ‘இரைச்சல்’ என்று தேடுகிறவர் கண்ணில் படாது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.