புகை குறைந்த விறகடுப்பு: மலைநாட்டில் வாங்கியவர்களும் கட்டியவர்களும் சொல்லும் அனுபவங்கள்

ராகலையிலிருந்து:

தோட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து மாறி வந்தபோது நான் முதலில் யோசித்தது அடுப்பைப் பற்றித்தான். கேஸ் இருக்கிறது. ஆனால் காலையில் எல்லோருக்கும் ரொட்டி சுட்டு, குளிக்கத் தண்ணீர் காய்ச்சி, இரண்டு நேரம் சோறாக்கி, எல்லாவற்றையும் கேஸிலேயே செய்வதென்றால் சம்பளம் தாங்காது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. கையில் காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்காத மாதங்கள் அவை. விறகு இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது என்பதை அப்போது டவுனில் இருப்பவர்களும் கண்டுகொண்டார்கள்.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஜன்னல் இல்லாத காம்பராவில் கல் அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதியே வாழ்ந்தவர். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டதே வீட்டில் என்ன அடுப்பு என்றுதான். வீட்டுக்குள் சேரும் புகையால் உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருமி இருமியே போய்ச் சேர்ந்த பாட்டிமார் எங்கள் லயத்தில் மட்டும் எத்தனை பேர்!

நான் வாங்கியது அனகி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சுட்ட களிமண் அடுப்பு, ஒரே உடம்பில் இரண்டு சட்டி வைக்கலாம். விறகு போடும் வாய் ஒன்றுதான். முன் சட்டிக்கடியில் எரியும் நெருப்பின் மிச்சச் சூடு உள்ளே இருக்கும் துவாரத்தால் பின் சட்டிக்குப் போகும். 1980களில் விறகைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டுமென்று இலங்கை மின்சார சபையும் ஐ.டி.டி.ஜி. என்ற பிரித்தானிய அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. முன்னால் சோறு, பின்னால் பருப்பு, ஒரே விறகில் இரண்டும் ஆகிவிடும். விறகு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது, கண்ணெரிச்சலும் குறைந்தது.

வாங்கி அப்படியே வைத்துவிடாதீர்கள். சுற்றிலும் களிமண், சாணம், வைக்கோல் கலந்து கனமாகப் பூச வேண்டும். பூசாத அடுப்பு சீக்கிரம் வெடித்துவிடும், சூடும் பக்கவாட்டில் போய்விடும். விறகை வாய் நிறையத் திணிக்கவும் கூடாது. விறகுக்கு மேலே காற்றுப் போக இடம் விட்டால்தான் சுவாலையாக எரியும், இல்லாவிட்டால் புகைந்துகொண்டே இருக்கும்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஜனவரியில் பனி கொட்டும் விடியற்காலையில் அம்மா சொன்னார்: "இந்த அடுப்பு சோத்துக்குத்தான் சூடு குடுக்குது, எனக்கு இல்ல." உண்மைதான். சுற்றிப் பூசியிருப்பதால் சூடு சட்டிக்கே போகிறது. பழைய கல் அடுப்பு விறகைத் தின்றாலும் குளிர் காயவிட்டது. அவர் இரண்டு தடவை வெளியே கல் கூட்டி நெருப்பு மூட்டிவிட்டார். சமையலுக்கும் குளிருக்கும் ஒரே அடுப்பு சரிவருமா? மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

தலவாக்கலையிலிருந்து:

ராகலை தங்கச்சி அடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார், நான் விறகைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அடுப்பைக் குறை சொல்கிறார்கள், குறை இருப்பது விறகில்.

அப்போது வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். அதற்குள் அடுப்பின் உட்பக்கம் குளிர்ந்துபோகும். விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிய நல்ல சூடும் காற்றும் வேண்டும். சூடு இல்லாவிட்டால் அது எரியாமலே வெளியே வரும். நம் கண்ணைக் கரிக்கும் புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகுதான். எந்த நாட்டு அடுப்பை வாங்கி வைத்தாலும் இது மாறாது.

மலைநாட்டில் விறகு காயவைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேல் மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் பிளந்து அடுக்கினால் உண்டு, இல்லையென்றால் அந்த வருடம் முழுக்கப் புகைதான். பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. எங்களுக்கு மழை பெய்யும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே காய்ந்த காற்று அடிக்கும். அவர்கள் அப்போது காயவைக்கலாம்.

நம்மிடம் இருக்கும் விறகில் முதல் இடம் மிலாறுக்குத்தான். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் தேயிலைக் குச்சி, கெட்டியான மரம். தணல் நெடுநேரம் நிற்கும். ஆனால் அதில் பாசி பிடித்திருக்கும், பாசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் ஆயா மிலாறுக் கட்டைத் தரையில் போடவே விடமாட்டார். இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டு அதற்கு மேல்தான் அடுக்க வேண்டும். பாசியைச் சாக்கால் தேய்த்து எடுத்துவிடுவார். சவுக்கு (தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரெவிலியா மரம்) சீக்கிரம் காயும், சட்டென்று பற்றும், ஆனால் தணல் நிற்காது. டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தை ஈரமாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடாலி ஏறாது. பைனஸ் பிசின் நிறைந்தது, புகைக்குழாய் முழுக்கக் கரி பிடிக்கும். அதைச் சிறு சிம்பாகப் பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் அடுத்த இரண்டு நாளுக்கான விறகை அதில் வைக்கும் வழக்கம் நம்மிடம் முன்பே உண்டு. நல்ல வழக்கம். நெருப்புக்குத் தொட்டுவிடும் உயரத்தில் மட்டும் பரண் இருக்கக்கூடாது.

இன்னொரு விஷயம், மனது கேட்காமல் சொல்கிறேன். மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆன பிறகு, பற்றவைப்பதற்குப் பழைய செருப்பையும் ஷாப்பிங் பையையும் போடுகிற பழக்கம் கூடிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கரும்புகை விறகுப் புகையைவிடக் கொடிது, பக்கத்தில் விளையாடும் பிள்ளை அதைத்தான் மூச்சில் இழுக்கிறது. பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டும் அப்படித்தான். காய்ந்த சவுக்கு இலை ஒரு பிடி போதும்.

நுவரெலியாவிலிருந்து:

குளிரைப் பற்றி ராகலை தங்கச்சி கேட்டதால் இதை எழுதியே ஆக வேண்டும். எங்கள் ஊர் 1,868 மீட்டர் உயரம், வருட ஆரம்பத்தில் சில இராத்திரிகளில் புல் மேல் பனி உறையும். கேஸ் தட்டுப்பாட்டுக்குப் பிறகு சிறிய மின்விசிறி வைத்த கரி அடுப்பைப் பலர் வாங்கினார்கள். சிரட்டைக் கரியில் எரியும், கண்ணுக்குப் புகை தெரியாது. சமையலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வாடகை அறையில் இருந்த குடும்பம் ஒரு நாள் சமைத்து முடித்த தணலை அப்படியே படுக்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார்கள். புகை இல்லாததால் பயமும் இல்லை. நடுச்சாமத்தில் சின்னப் பிள்ளை வாந்தி எடுத்து அழுததில் தாய் எழுந்திருக்கிறார், எழுந்தவருக்குத் தலை சுற்றி நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து கத்தியதால் நாங்கள் ஓடினோம். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். பிள்ளை அழாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

கரியில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலையிடி, வாந்தி, தூக்கம் வருவது போன்ற மயக்கம், அவ்வளவுதான் அறிகுறி. தணல் சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரிந்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். குழாய் இல்லாத எந்த அடுப்பையும், கரியோ விறகோ, படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அம்மாவுக்குக் குளிரென்றால் சுடுதண்ணீர்ப் போத்தலும் கம்பளியும் கொடுங்கள். நெருப்பு வேண்டுமென்றால் புகைபோக்கி உள்ள அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள்.

லண்டனிலிருந்து, பிறந்தது ஹட்டன்:

என் மச்சான் நுவரெலியாவில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறார். வெள்ளைக்காரத் துரை பங்களாக்களில் இருப்பதுபோல் அவரது கட்டடத்திலும் சுவரில் திறந்த கணப்பு இருக்கிறது. அதற்குள் வைக்க இங்கிருந்து ஒரு "மல்டிஃப்யூவல்" அடுப்பு அனுப்பச் சொன்னார். அதற்காகக் கடை கடையாக ஏறி விசாரித்தேன்.

கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு இது. விறகும் எரிக்கலாம், நிலக்கரிக் கட்டியும் எரிக்கலாம். நிலக்கரிக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும், அதனால் உள்ளே கம்பித்தட்டும் சாம்பல் பெட்டியும் இருக்கும். விறகு அப்படியில்லை. சாம்பல் மெத்தை மேல் கிடந்து, மேலிருந்து காற்று வாங்கினால்தான் நன்றாக எரியும். நம் மலைநாட்டில் வீட்டுக்கு நிலக்கரி யார் எரிக்கிறார்கள்? அந்தக் கம்பித்தட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. விறகுக்கென்றே செய்த அடுப்பு போதும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே 2022 ஜனவரி முதல் புதிதாக விற்கும் அடுப்புகளுக்கு எக்கோடிசைன் என்ற விதி உண்டு. மூடிய விறகடுப்பின் புகைவாயுவில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருக்கக்கூடாது. இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறிய அளவில் விற்கும் விறகில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த 40 மில்லிகிராம் காய்ந்த விறகை வைத்து ஆய்வுகூடத்தில் அளந்தது. மழையில் நனைந்த விறகைப் போட்டால் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. அதனால் அடுப்போடு ஈரம் அளக்கும் சிறிய கருவியும் வாங்கினேன். இரண்டு ஊசி இருக்கும், விறகைப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் குத்தினால் பொய் சொல்லும்.

பெரிய அடுப்பு வேண்டும் என்று மச்சான் நின்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அறைக்கு அதிகமான அடுப்பை வாங்கினால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து எரிப்பார்கள். அடைத்தால் நெருப்பு மந்தமாகிப் புகைதான் வரும், கண்ணாடி கறுக்கும், குழாயில் தார் படியும். சிறியதை வாங்கி நன்றாகச் சுவாலை விட்டு எரிப்பதே புகை குறைய வழி.

பண்டாரவளையிலிருந்து:

நாங்கள் மரத்தூள் அடுப்பு பாவிக்கிறோம். மர ஆலை பக்கத்திலேயே இருப்பதால் தூள் சுலபமாகக் கிடைக்கிறது. தகர வாளிக்கு நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி இடித்து, போத்தலை உருவிவிட்டால் துவாரம் வரும். அடியில் பற்றவைத்தால் மணிக்கணக்கில் எரியும், ஊத வேண்டியதில்லை. பயறு, மாட்டெலும்பு, மாட்டுக்குத் தவிடு காய்ச்ச இதைவிட நல்லது இல்லை. ரொட்டிக்கும் தாளிப்பதற்கும் ஆகாது, தீயைக் கூட்டிக் குறைக்க முடியாது. தூள் ஈரமென்றால் புகை வீட்டையே விரட்டும். அதனால் நாங்கள் இதை இஸ்தோப்புக்கு (விறாந்தைக்கு) வெளியே, கூரைச் சார்ப்பில்தான் வைத்திருக்கிறோம்.

ராகலையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நுவரெலியா அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அனகியை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் புகைபோக்கி வைத்த ஒரு அடுப்பும் கட்டலாம் என்று முடிவு. தகரக் கூரையில் குழாய் போட்ட யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதுளையிலிருந்து:

நான் மேசன் வேலை செய்கிறேன், தங்கச்சி. லயத்திலும் புதிய வீடுகளிலும் பல இடத்தில் குழாய் வைத்திருக்கிறேன்.

குழாய் கூரையின் முகட்டுக்கு மேலே போக வேண்டும். கீழ்ச்சரிவில் முகட்டை விடத் தாழ்வாக நிறுத்தினால் மலையிலிருந்து இறங்கும் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். எங்கள் பக்கம் இது அடிக்கடி நடக்கும், ஆட்கள் அடுப்பைத்தான் திட்டுவார்கள். முடிந்தவரை நேராக ஏற்றுங்கள். சுவர் வழியாக வளைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும், கரியும் அங்கேதான் அடைக்கும். வளைக்காமல் முடியாதென்றால் வளைவில் திறந்து துடைக்க ஒரு மூடி வையுங்கள். மேலே மழைத் தொப்பி வேண்டும், ஆனால் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள்.

கூரைக்குள் நுழையும் இடத்தில் மரச்சட்டத்தில் குழாய் முட்டவே கூடாது. அந்த இடத்தில் தகரத்தை அகலமாக வெட்டி, பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக வைத்து, அதற்குள் புகைக்குழாயை ஏற்றுவேன். பழைய அஸ்பெஸ்டஸ் குழாய் சும்மா கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள், அதை வெட்டினால் வரும் தூள் நெஞ்சுக்கு மிகவும் கெட்டது.

அடுப்பைக் கட்டும்போது அம்மா உட்காரும் பக்கத்துச் சுவரைச் செங்கல்லால் கனமாகக் கட்டச் சொல்லுங்கள். வைக்கோல் மண் பூச்சு அந்தப் பக்கத்துக்கு வேண்டாம். சமைத்து முடித்த பிறகும் செங்கல் நெடுநேரம் சூடாக இருக்கும், அதில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். குழாயை மழைக்கு முன்னாலும் மழை முடிந்த பிறகும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். நீளக் கம்பில் கோணிச் சாக்கைக் கட்டி மேலிருந்து இறக்கினால் போதும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். கட்டுவதற்கு முன் சுவரின் படமும் கூரை உயரமும் இங்கே போட்டால் எத்தனை அடி குழாய் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.