மானுக்குப் பயிரா, காட்டுக்கு வேலியா? பாட்டர் மாவட்டத்து 80 ஏக்கர்

கார்த்திகைப்பூ:
அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வடபகுதியில், பாட்டர் மாவட்டத்தில் என் கணவர் குடும்பத்துக்கு 80 ஏக்கர் காடு இருக்கிறது. மாமனார் காலமான பிறகு அது என் கணவர், கொழுந்தனார், நாத்தனார் மூவர் பெயரிலும் வந்துவிட்டது. முன்பு மரம் வெட்டியபோது கட்டைகளை அடுக்கிய திடல் ஒன்று நடுவில் வெறுமையாகக் கிடக்கிறது. சுற்றியிருக்கும் மரங்களையும் வெட்டி அதை இரண்டு ஏக்கராக விரித்து, குளோவர் என்ற தீவனச் செடியும் டர்னிப் கிழங்கும் விதைத்து மான்களுக்குத் தீவனப் பாத்தி போட வேண்டும் என்கிறார் கொழுந்தனார். அவர் வேட்டைக்காரர், செலவும் தன்னுடையதே என்கிறார். நாத்தனார் கூடவே கூடாது என்கிறார். என் கணவர் வாய் திறக்கவில்லை. காட்டைப் பற்றிச் சொல்வதென்றால், மேலே பிளாக் செர்ரி, பீச், சிவப்பு மேப்பிள். கீழே இடுப்பளவு பெரணி. ஆங்காங்கே தென்படும் மேப்பிள் கன்றுகளின் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் பேச எனக்குக் காரணங்கள் வேண்டும்.

மேற்குமலை:
சகோதரி, தயங்காமல் போடச் சொல்லுங்கள். நானும் பென்சில்வேனியாவில்தான் நிலம் வைத்திருக்கிறேன், பாத்தியும் வைத்திருக்கிறேன். குளோவர் இலையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம். மே, ஜூனில் குட்டி ஈன்று பால் கொடுக்கும் பெண்மானுக்கும், கொம்பு வளரும் ஆண்மானுக்கும் அந்தப் புரதம்தான் வேண்டும். இலையுதிர் காலத்தில் டர்னிப், ரை என்ற தானியம். உறைபனி பட்டதும் டர்னிப் இலையில் இனிப்பு ஏறும். அதன் பிறகு மான் அதை விட்டு நகராது. இந்த மாநிலத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்து மான் வேட்டையாடுவது பொதுவாகச் சட்டவிரோதம். விதைத்து வளர்த்த பயிருக்குத் தடை இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஓக்நிழல்:
நான் காட்டியல் படித்தவன், நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில் வேலை செய்கிறேன். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப்பட்டது அந்தக் கிழிந்த நுனி. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் நறுக்க முடியாமல் பிய்த்து இழுக்கும். முயல் கடித்த குச்சியோ கத்தியால் சாய்த்துச் சீவியது போல் இருக்கும். மேப்பிள் கன்றெல்லாம் கிழிந்து, மான் அதிகம் தொடாத பெரணியும் பீச்சும் மட்டும் செழித்திருந்தால் அந்த நிலத்தில் மான் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். அங்கே போய் விருந்து வைக்கச் சொல்கிறீர்களா? செர்ரி மரங்கள் வயதாகி விழும்போது அவற்றின் இடத்துக்கு வர ஒரு கன்றுகூட இல்லை. உங்கள் 80 ஏக்கரின் உண்மையான நெருக்கடி அதுதான்.

மேற்குமலை:
பசித்த மான்தான் கன்றைத் தின்கிறது. வேறு தீனி கொடுத்தால் கன்று தப்பும். இது எளிய கணக்கு.

ஓக்நிழல்:
எளிய கணக்குதான், ஆனால் தப்பான கணக்கு. ஒரு வெண்வால் மான் சுற்றித் திரியும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இவர்கள் நிலம் அதில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு ஏக்கரில் குளோவர் போட்டால் இவர்கள் காட்டு மான் மட்டும் தின்னாது; பக்கத்து நிலத்து மான்களும் வந்து சேரும். வந்தவை குளோவரை மட்டும் தின்றுவிட்டுப் போகப் போவதில்லை. மானின் இரைப்பைக்குக் கலப்புத் தீனி வேண்டும், வரும் வழியிலும் போகும் வழியிலும் மொட்டுகளையும் கன்றுகளையும் கடித்துக்கொண்டேதான் நடக்கும். பாத்தியைச் சுற்றியுள்ள காடு முதலில் மொட்டையாகும்.

இதற்குச் சான்று உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 1979-இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள், வடமேற்குப் பென்சில்வேனியாவில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் சதுர மைலுக்கு 10, 20, 40, 80 என்ற கணக்கில் மான்களை வேலிக்குள் விட்டுப் பார்த்தார்கள். இருபதைத் தாண்டியதும் கன்றுகளின் வகை சுருங்கிக்கொண்டே போனது. நடுமட்டக் கிளைகளில் கூடு கட்டும் பறவை இனங்கள், மான் மிகக் குறைந்த வேலியை விட மிக அதிகமான வேலியில் நூற்றுக்கு 27 குறைந்திருந்தன. மான் பறவையைத் தொடவில்லை, அது கூடு கட்டும் செடியைத் தின்றது.

மேற்குமலை:
அந்த ஆய்வை நானும் அறிவேன். வேலிக்குள்ளேயே ஒரு பகுதியில் மரங்களை முழுதாக வெட்டியிருந்தார்கள், ஒரு பகுதியில் சில மரங்களை மட்டும் வெட்டி இடைவெளி விட்டிருந்தார்கள். மானின் எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு தீனி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே ஐயா!

ஓக்நிழல்:
சொல்கிறேன். உண்மைதான். ஆனால் அங்கே தீனி எப்படிக் கிடைத்தது? மரத்தை வெட்டி வெளிச்சம் விட்டதால் காடே முளைத்துக் கொடுத்தது. ஓர் ஏக்கர் காட்டைத் திறந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் முளைக்கும் செர்ரி, பிர்ச், மேப்பிள், பிளாக்பெரி எல்லாமே மானுக்குத் தீனி. பனி மூடிய ஜனவரியிலும் அவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் குளோவர் ஜனவரியில் எங்கே இருக்கும்?

மேற்குமலை:
பனிக்கு அடியில் இருக்கும். டர்னிப் கிழங்கை அவை தோண்டித் தின்னும், நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் குளிர்காலப் பட்டினியைப் பாத்தி தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அக்டோபர், நவம்பரில் கொழுப்பு ஏற்றிக்கொண்ட மான் பிப்ரவரியைத் தாண்டும். அதற்குப் பாத்தி உதவும்.

தாமரைக்குளம்:
ஏன் இவ்வளவு? காட்டை அப்படியே விட்டுவிட்டால் இயற்கை தானே சமன் செய்துகொள்ளாதா? வேட்டையும் வேண்டாம், விதைப்பும் வேண்டாம்.

ஓக்நிழல்:
அந்தச் சமனை வைத்திருந்த ஓநாயும் பூமா என்ற மலைச் சிங்கமும் பென்சில்வேனியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஒழிந்துவிட்டன. மானும் 1900 வாக்கில் ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தது. 1906 முதல் மிச்சிகன் போன்ற மாநிலங்களிலிருந்து வாங்கி வந்து விட்டார்கள். 1907-இல் பெண்மானைச் சுடத் தடை வந்தது. அதே காலத்தில் மலை முழுவதையும் மொட்டையடித்து மரம் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெட்டிய இடமெல்லாம் இளந்தளிர், தின்னும் மானுக்கு எதிரி இல்லை. எண்ணிக்கை பெருகியது அப்படித்தான். இன்று நாம் கையை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது பெரணிதான்.

விஸ்கான்சின்வாசி:
இரண்டு பேரும் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே. மான்களுக்கு வரும் சி.டபிள்யூ.டி. என்ற மெலிவு நோய். நான் இருப்பது விஸ்கான்சினின் தென்மேற்கில். 2002-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இன்று எங்கள் பக்கத்துச் சில பகுதிகளில் வளர்ந்த ஆண்மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோயுற்றவை. காரணம் பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. பிரையான் என்ற உருமாறிய புரதம். எச்சில், சிறுநீர், சாணம், செத்த உடல் வழியாக மண்ணில் சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. களிமண்ணோடு ஒட்டிக்கொண்டால் வீரியம் குறைவதில்லை. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, வந்த மான் பிழைப்பதில்லை. பென்சில்வேனியாவிலும் 2012 முதல் இருக்கிறது. இந்த நிலையில் ஒரே இரண்டு ஏக்கருக்கு ஊர் மானையெல்லாம் வரவழைத்து, ஒன்றின் எச்சில் பட்ட இலையை இன்னொன்று தின்ன வைப்பது எனக்குச் சம்மதமில்லை. நான் என் பாத்தியைக் கைவிட்டுப் புல்லாக விட்டுவிட்டேன். வேட்டையை விடவில்லை.

மேற்குமலை:
சோளக் குவியலில் பத்து மான் ஒரே இடத்தில் மூக்கை நுழைக்கும். இரண்டு ஏக்கர் குளோவரில் பரந்து மேயும். மாநிலம் நோய்ப் பகுதிகளில் தீனி போடுவதைத் தடுத்தபோதும் பயிரைத் தடுக்கவில்லை.

விஸ்கான்சின்வாசி:
சோளக் குவியலை விட ஆபத்து குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பயிரைத் தடுத்தால் பக்கத்து விவசாயியின் சோயாவையும் தடுக்க வேண்டியிருக்கும். அதனால் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்குத் தன் நிலத்தில் என்ன செய்யலாம் என்பதற்குச் சட்டம் மட்டுமே அளவுகோலா? மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. குழந்தைகளுக்குச் சமைப்பதற்கு முன் தலையைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள் உங்கள் கொழுந்தனாரிடம்.

நெல்விதை:
மண் பற்றி யாரும் பேசவில்லை. நான் விதைப்பவன், ஆகவே அதை மட்டும் சொல்கிறேன். அந்த மலைப்பகுதிக் காட்டு மண் கடும் அமிலம். கார அமில அளவு 4.5, 5 என்று இருப்பது சாதாரணம். குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும். பரிசோதனை முடிவு வராமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாலும், ஏக்கருக்கு இரண்டு மூன்று டன் சுண்ணாம்பு கேட்கும். சுண்ணாம்பு லாரி அந்தக் காட்டுப் பாதையில் ஏறுமா? ஏறாது என்றால் 40 பவுண்டு மூட்டையாகச் சுமக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் என்றாலே நூறு மூட்டை! கட்டை இழுத்த கனரக வண்டிகள் அழுத்திய திடல் வேறு, மண்வெட்டி இறங்காது. பெரணியைக் கொல்லாமல் விதைத்தால் அடுத்த ஆண்டே திரும்ப மூடிவிடும். கொழுந்தனார் இந்த வேலைக்கெல்லாம் தயாரா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. விதைத்த இடத்தில் ஒரு கம்பி வலைக்கூண்டை நட்டு வையுங்கள். கூண்டுக்குள் முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரை என்றிருந்தால் அந்தப் பாத்தி மான்களுக்குப் போதவில்லை. அடர்ந்த காட்டில் ஓர் ஏக்கருக்குக் குறைவான பாத்திகள் பெரும்பாலும் முளைவிட்ட வாரங்களிலேயே காலியாகிவிடும்.

மேற்குமலை:
அதனால்தான் இரண்டு ஏக்கர் கேட்கிறார் அந்த மனிதர். நான் கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். இது வெறும் தீவனம் அல்ல. இந்த நாட்டில் குடும்பக் காடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பிள்ளைகள் நகரத்தில். நிலத்துக்கு வந்து போக ஒரு காரணம் இல்லையென்றால், அடுத்த தலைமுறை வரியைப் பார்த்ததும் விற்றுவிடும்; வாங்குகிறவன் துண்டு போட்டு வீடு கட்டுவான். ஆகஸ்டில் விதைக்க வருகிற பிள்ளை, நவம்பரில் பார்க்க வருகிறான். என் மகன் காட்டுக்கு வரத் தொடங்கியது துப்பாக்கிக்காக அல்ல, டிராக்டருக்காக. காட்டியல் படித்தவர்கள் இதை எந்த வேலியில் அளந்தார்கள்?

ஓக்நிழல்:
இதை நான் மறுக்கவே மாட்டேன். நிலம் குடும்பத்தில் நிற்பதுதான் காட்டுக்கு முதல் பாதுகாப்பு. ஆனால் பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமென்றால் காட்டிலேயே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து இத்தாகா நகருக்குத் தெற்கே கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆர்னாட் காட்டில், மரம் வெட்டிய இடத்தைச் சுற்றி, விற்பனைக்கு ஆகாத கழிமரங்களையும் கிளைகளையும் பத்தடி உயரம், இருபதடி அகலத்துக்குச் சுவராக அடுக்கியிருக்கிறார்கள். மான் தாண்டாது. கம்பி வாங்க வேண்டியதில்லை, பின்னால் பிடுங்க வேண்டியதும் இல்லை, தானே மக்கிவிடும். உள்ளே முளைப்பதைக் கண்ணால் பார்த்தால் உங்கள் மகனும் அங்கிருந்து நகர மாட்டான். அது பெரிய இயந்திரம் கேட்கும் வேலை. மரம் விற்கும்போதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். சிறிய அளவில் எட்டடிக் கம்பி வேலியே போதும். கூடவே பெண்மான்களைச் சுட வேண்டும். கொம்புள்ளதை மட்டும் எதிர்பார்த்து உட்காருகிறவரால் எண்ணிக்கை குறையாது.

மேற்குமலை:
பெண்மான் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். 2000-க்குப் பிறகு மாநிலம் பெண்மான் அனுமதியைக் கூட்டியபோது எங்கள் வேட்டைக்காரர்கள் போட்ட சண்டை எனக்கு நினைவிருக்கிறது. என் பாத்தியில் ஒவ்வோர் ஆண்டும் முதலில் விழுவது பெண்மான்தான். அதை எளிதாக்குவதே பாத்திதான் என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விஸ்கான்சின்வாசி:
அப்படிச் சுடுகிறவர் கையில் பாத்தி ஒரு கருவி. பார்த்து ரசிப்பவர் கையில் அது மான் பண்ணை. கொழுந்தனார் எந்த வகை?

கார்த்திகைப்பூ:
அந்தக் கேள்வியை இன்று அவரிடமே கேட்டேன். கடந்த பருவங்களில் பெண்மான் அனுமதிச் சீட்டே வாங்கியதில்லை என்றார். ஏன் என்றதற்கு, அப்பா பெண்மானைச் சுட்டதில்லை என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. என் கணவர்தான் பேசினார். அப்பா காலத்தில் இந்தக் காட்டில் கன்றுகள் இருந்தன என்று அவர் சொன்னது வீட்டில் எல்லோரையும் யோசிக்க வைத்தது.

இப்போதைக்கு முடிவானது இவ்வளவுதான். நல்ல மரம் ஒன்றையும் பாத்திக்காக வெட்டுவதில்லை. திடலின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். கிழக்கு ஓரத்தில் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு தின்று செத்த ஆஷ் மரங்கள் விழுந்து வெளிச்சம் வருகிற இடத்தை வேலியடைக்க நாத்தனார் பணம் தருகிறார். கொழுந்தனார் இந்தப் பருவத்தில் பெண்மான் சீட்டு வாங்குவார், தலைகளைச் சோதனைக்கு அனுப்புவார். பாத்தியை அவர் விட்டுவிடவில்லை. மண் முடிவு வந்ததும் மறுபடி பேசலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார். எனக்கு இன்னும் பாத்தியில் மனம் ஒப்பவில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

மேற்குமலை:
அவர் பக்கம் ஒருவர் பேசினார் என்று சொல்லுங்கள் சகோதரி. திடல் அரை ஏக்கர் இருந்தாலும் ரையும் குளோவரும் போடலாம். ரை என்றால் தானிய ரை. கடைக்காரர் ரைகிராஸ் புல்லைத் தலையில் கட்டிவிடப் போகிறார், பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஓக்நிழல்:
வேலி போடும் முன்பு உள்ளே இருக்கும் பெரணியைக் கோடையிலேயே ஒழித்துவிடுங்கள். பெரணியோடு அடைத்தால் மான் இல்லாவிட்டாலும் மரக்கன்று வராது. அரை ஏக்கர் குளோவருக்கும் நான் எதிர்ப்புதான், மேற்குமலை.

நெல்விதை:
மண் மாதிரியைத் திடலின் நடுவில் ஒரே குழியில் எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களில், ஆறு அங்குல ஆழம் வரை எடுத்துக் கலந்து அனுப்புங்கள். வேலிக்குள் வரப்போகும் இடத்துக்குத் தனி மாதிரி.