வேலை முடிந்து வந்தபின் சைவ இரவுச் சாப்பாடு: எப்படி ஒழுங்கு பண்ணுகிறீர்கள்?

தாம்பரம் தோழி:

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் வீட்டுக்கு வர ஏழு மணி தாண்டிவிடும், அவர் வர எட்டரை. ஆறாவதும் இரண்டாவதும் படிக்கிற ரெண்டு பிள்ளைகள், கூட மாமியார். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் இரவில் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டில் முழுச் சைவம், முட்டையும் கிடையாது. காலையில் எப்படியோ சாம்பார், பொரியல் வைத்து எல்லாருக்கும் டப்பா கட்டிவிடுகிறேன், அது மதியத்தோடு தீர்ந்துவிடும். சிக்கல் ராத்திரிதான். வாரத்தில் பாதி நாள் தோசை, மீதி நாள் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும், அதுவும் முடியாத அன்றைக்கு ஹோட்டலில் ஆர்டர். பெரியவள் "இன்னைக்கும் தோசையா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். மாமியார் ஒன்றும் சொல்லாமல் ஒன்றரைத் தோசையோடு எழுந்துவிடுகிறார், எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இணையத்தில் வருகிற ஏழு நாள் மெனுவெல்லாம் பனீர், காளான், பாஸ்தா என்று போகிறது, அது எங்களுக்குத் தினப்படிக்கு ஒத்துவராது. வந்து முகம் கழுவி 30, 40 நிமிடத்தில் தட்டு போட முடிய வேண்டும், அதில் பருப்போ பயறோ, கொஞ்சம் காயோ இருக்க வேண்டும். ரெசிபி நிறையத் தெரியும், அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் தெரியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்.

கோவை அக்கா:

மெனு எழுதுவதை விட்டுவிடுங்கள் தோழி. வியாழக்கிழமைக்குக் கீரைக் கூட்டு என்று எழுதி வைத்திருப்போம், அன்றைக்குப் பார்த்து கடையில் கீரை இருக்காது, மொத்தத் திட்டமும் அங்கேயே உடைந்து தோசைக்கு வந்துவிடும். என்ன சமைக்கப் போகிறோம் என்பதைவிட வீட்டில் எது எப்போதும் தயாராக இருக்கும் என்பதை முடிவு பண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு சாயங்காலத்துக்குள் இட்லி மாவு, வேகவைத்த ஒரு பயறு, ஒரு தக்காளித் தொக்கு, உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும், இவ்வளவும் ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். மற்றதெல்லாம் அன்றன்றைக்குக் கையில் இருக்கிற காயைப் பொறுத்து.

மாவை ஒரே மாதிரி செலவழிப்பதால்தான் சலிக்கிறது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு அரைத்தால் முதல் ரெண்டு நாள் இட்லிக்குத்தான் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் தோசை, அதற்குமேல் புளிப்பு ஏறும்போது கேரட், வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. பணியாரம் என்றால் பிள்ளைகள் தோசை என்று சொல்லவே மாட்டார்கள், மாவு அதேதான்.

அப்புறம் எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம். இது தெரியாமல் யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்பேன்! ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு, ரெண்டையும் சேர்த்துக் கழுவி ஊறவிட்டு உடை மாற்றப் போங்கள். குக்கரிலேயே கடலை எண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தட்டிய பூண்டு, முழுச் சின்ன வெங்காயம் கை நிறைய, தக்காளி, மஞ்சள்தூள் வதக்கி, மூன்று முதல் மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில். அவரைக்காயோ முருங்கைக்கீரையோ இருந்தால் அதையும் உள்ளேயே போடலாம். மேலே நெய், பக்கத்தில் தயிர், அப்பளம். கழுவ ஒரு குக்கர்தான். உங்கள் மாமியாருக்கு மட்டும் இதில் ஒரு கரண்டி, கூடவே காய் நிறைய வைக்கலாம், இல்லையென்றால் அன்றைக்கு அவருக்கு ரெண்டு அடை.

பயறு மாமி:

அடை என்றதும் சொல்லத் தோன்றியது. சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு இரவில் அரிசியைக் குறைக்கிறோம் என்று அரைத் தட்டோடு நிறுத்திவிடக் கூடாது, எடுத்த இடத்தில் பயறும் காயும் வைக்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரி பசியோடு படுப்பார்கள், அவர்கள் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோகவும் வாய்ப்பு உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய டாக்டரிடமே ஒரு தடவை தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடைக்கு எங்கள் வீட்டு அளவு ஒரு கப் இட்லி அரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு மூன்றும் அரை அரை கப், உளுந்து ஒரு கைப்பிடி. புளிக்க வைக்க வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய சௌகரியம். ரெண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும், ஆனால் காலை எட்டு மணிக்கு ஊறப்போட்டு மேடையில் வைத்துவிட்டுப் போனால் வெயில் காலத்தில் இரவுக்குள் வாடை வந்துவிடும், அதனால் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் வரமிளகாய், சோம்பு, பெருங்காயம் சேர்த்துக் கரகரப்பாக மிக்சியில் ரெண்டு சுற்று. முருங்கைக்கீரை, துருவிய சுரைக்காய், முட்டைக்கோஸ், எது இருக்கிறதோ அதைக் கலந்து ஊற்றலாம். பச்சைப்பயறு ஊறவைத்து இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து ஊற்றுகிற பெசரட்டு இன்னும் சுலபம், அதில் அரிசி ஒரு பிடி போட்டால் உண்டு, இல்லாவிட்டாலும் வரும்.

சிறுதானியம் பற்றி யாராவது சொல்வார்கள், நானே சொல்லிவிடுகிறேன். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது எல்லாரும் சாமை, வரகு, தினை என்று வாங்கினோம், நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் அதிலும் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான், சாமைப் பொங்கல் என்பதற்காகச் சோற்றைவிடக் கூடுதலாக வைத்தால் பயனில்லை. ஒரு பங்கு சாமைக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு என்று பருப்பைக் கூட்டிப் பொங்கல் வைத்தால் அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்று, கீரை, சுண்டல் எது செய்தாலும் இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஏற வைட்டமின் சி உதவும். வளர்கிற பெண் குழந்தை இருக்கிற சைவ வீட்டில் இதை விடாமல் செய்ய வேண்டும். முட்டையும் இல்லாத வீடு என்பதால் பி12-க்குப் பால், தயிர், மோர்தான் வழி, இரவில் ஒரு டம்ளர் மோராவது எல்லாருக்கும் இருக்கட்டும்.

ராத்திரி ஷிப்ட்:

எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என்னுடையது, மனைவி ஆஸ்பத்திரியில் வேலை, அவர் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். மேலே ரெண்டு பேரும் சொன்ன சாப்பாடெல்லாம் சரி, ஆனால் கேள்வியைத் திரும்பப் படித்தால் ஒன்று தெரிகிறது. எது ஊறுகிறது, எது தீர்ந்தது, யாருக்கு என்ன என்று அவ்வளவும் சகோதரியின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ஏழு மணிக்கு அவர் உள்ளே வந்தால்தான் அடுப்பு எரியும் என்றால் எந்த ஏற்பாடும் நிற்காது. ஒரு தாளில் 'வீட்டில் இருப்பது' என்று தலைப்பு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மாவு, வெந்த கடலை, தொக்கு, புளிக்காய்ச்சல், தேங்காய் எல்லாம் அதில். யார் எடுத்துத் தீர்க்கிறார்களோ அவர்களே தாளில் அதை அடித்துவிட வேண்டும். மாமியாருக்கு முடியுமானால், அவரிடமே கேட்டுப் பாருங்கள், ஆறரைக்கு அரிசியும் பருப்பும் ஊறப்போடுவது அவருடையது என்று இருக்கலாம். பல பெரியவர்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு இருப்பது பிடிக்கும். ஆறாவது படிக்கிற பெண் பூண்டு உரிக்கலாம், கேரட் துருவலாம். கணவர் எட்டரைக்கு வந்தாலும் மறுநாளுக்குப் பயறு ஊறவைப்பதும் பாத்திரமும் அவருடையது. இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

காலையில் வடித்த சோறு மிஞ்சினால் ஆறியதும் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ராத்திரி வரைக்கும் மேடையில் கிடக்க விடாதீர்கள். சோற்றில் வளர்கிற சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அப்படி எடுத்து வைத்த சோறு இருந்தால் எலுமிச்சை சாதமோ புளிச்சாதமோ பத்து நிமிட வேலை, கூட வெந்த கொண்டைக்கடலையில் ஒரு சுண்டல்.

ஸ்காபரோ:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது கனடா. எங்கள் வீடுகளில் இரவுக்கு இடியப்பம் அல்லது புட்டு, அதோடு தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற சொதி. இடியப்பத்தைச் சனிக்கிழமை கூடுதலாக அவித்து ஃபிரீசரில் வைத்துவிடுவேன், தண்ணீர் தெளித்துத் திரும்ப ஆவியில் வைத்தால் பூப்போல வரும். சொதிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் போட்டுத் தண்ணிப் பாலில் அவித்து, பிறகு முதல் பால் விட்டு ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும், தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான், முதலே விட்டால் பால் திரைந்து போகும். தக்காளியோ முருங்கைக்காயோ போடலாம். பிள்ளைகளுக்கு உறைப்பு இல்லாமல் நல்லது. உங்கள் மாமியாருக்கு என்றால் சிவப்பு அரிசி மா இடியப்பம் ரெண்டு, பருப்புக் கறி கூட.

தாம்பரம் தோழி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாள் இன்றைக்கே ஒட்டிவிட்டேன், மாமியாரிடம் கேட்டதற்கு "ஊறப்போடுறது என்ன, நானே அரைச்சும் வைக்கிறேன்" என்கிறார். இந்த வாரம் அரிசிம்பருப்பு, அடை, பணியாரம் மூன்றும் உறுதி. ஒரே ஒரு சந்தேகம், சப்பாத்திக்குக் குருமா மொத்தமாக வைத்து ஃபிரீசரில் போடலாமா? உருளை, பட்டாணி, தேங்காய் எல்லாம் போட்டு வைப்பதுதான் எங்கள் பழக்கம்.

கோவை அக்கா:

முழுக் குருமாவாக வேண்டாம். உருளைக்கிழங்கு உறைந்து எழுந்தால் மணல் மணலாக, தண்ணீர் விட்டுக்கொண்டு இருக்கும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, பட்டை, சோம்பு, மல்லித்தூள் எல்லாம் எண்ணெய் பிரிகிற வரை வதக்கி ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து அதை உறைய வையுங்கள். தேங்காயைத் துருவித் தனியாக உறைய வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு இருக்கிற காயைக் குக்கரில் ஒரு விசில் விட்டு, இந்த மசாலா டப்பாவைக் கொட்டி, தேங்காயோடு ரெண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றினால் சப்பாத்தி தேய்த்து முடிப்பதற்குள் குருமா தயார். டப்பா மேல் தேதி எழுத மறக்காதீர்கள்.