நேம்ஸ்பேஸோடு டிஸ்க்கும் போன அன்று: குபர்நெட்டிஸ் வால்யூம் அனுபவங்கள்

பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் டேட்டாபேஸ் ஓட்டுகிறவர்கள், டிஸ்க் எப்படி உருவாக வேண்டும் என்று சொல்லும் தங்கள் ஸ்டோரேஜ் கிளாஸை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் விட்டதால் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய டெஸ்ட் நேம்ஸ்பேஸ் (குபர்நெட்டிஸுக்குள் ஒரு தனிப் பிரிவு) ஒன்றைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். உள்ளே ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. பாட் (செயலி ஓடும் உறை) போனாலும் டிஸ்க் கிளவுடில் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, நேம்ஸ்பேஸையே டெலீட் செய்தேன். கொஞ்ச நேரத்தில் டெஸ்டிங் டீமிலிருந்து போன். மூன்று வாரமாக உட்கார்ந்து சேர்த்த தரவு அதில்தான் இருந்ததாம். அவசரமாகக் கன்சோலைத் திறந்தேன். அந்த 20 ஜிபி டிஸ்க் இருந்த வரியே இல்லை. ஸ்னாப்ஷாட் என்ற நகலும் கிடையாது. போன் செய்த பெண் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

பிவிசி (பெர்சிஸ்டென்ட் வால்யூம் கிளெய்ம்) என்பது 'எனக்கு 20 ஜிபி வேண்டும்' என்று நாம் போடும் விண்ணப்பம். ஸ்டோரேஜ் கிளாஸில் குறித்திருக்கும் டிரைவர் அதைப் பார்த்து, கிளவுடிடம் கேட்டு டிஸ்க்கை உருவாக்கும். அந்த டிஸ்க்கைக் குறிக்க ஒரு பிவி (பெர்சிஸ்டென்ட் வால்யூம்) பதிவாகி, இரண்டும் பிணையும். 2017-இல் வந்த 1.6 பதிப்பிலேயே இது நிலையான வசதி ஆகிவிட்டது. பிவியைக் கையால் எழுதி வைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். ஆனால் இப்படித் தானாக உருவாகும் டிஸ்க்குக்கு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், ரீக்ளெய்ம் பாலிசி, அதாவது பிவிசி போன பிறகு டிஸ்க்கை என்ன செய்வது என்ற விதி, 'டெலீட்'. பிவிசி போனால் பிவி போகும், அடியில் இருக்கும் டிஸ்க்கும் போகும். பாட் பிடித்திருக்கும் வரை பிவிசி 'டெர்மினேட்டிங்' என்றே நிற்கும், அழியாது. நேம்ஸ்பேஸை அழிக்கும்போது பாடும் சேர்ந்தே போவதால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இப்போது டேட்டாபேஸுக்கென்று 'ரீடெய்ன்' (டிஸ்க்கை அழிக்காமல் வை) போட்ட தனி ஸ்டோரேஜ் கிளாஸ் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே இருக்கும் கிளாஸில் இதை மாற்ற முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். பழைய பிவிகளை ஒவ்வொன்றாகப் பேட்ச் செய்து ரீடெய்னுக்கு மாற்றினோம்.

முதல் பதில்:
எங்களுக்கு வந்தது வேறு தலைவலி. பிவிசி 'பவுண்ட்' என்று காட்டுகிறது, பாட் மட்டும் மணிக்கணக்காக 'பெண்டிங்'. டிஸ்க்ரைப் செய்தால் 'வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட்'. எங்கள் கிளாஸில் பைண்டிங் மோட் (பிவிசிக்கு டிஸ்க்கை எப்போது பிணைப்பது என்ற அமைப்பு) 'இமீடியட்'. பாட் எங்கே போகும் என்று தெரியும் முன்பே டிஸ்க் ஒரு ஸோனில் (கிளவுடின் ஒரு டேட்டா சென்டர் பகுதி) உருவாகிவிட்டது, அந்த ஸோனில் எங்களுக்கு நோடே (பாட் ஓடும் கணினி) இல்லை. அந்த டிஸ்க்கை அப்படியே அடுத்த ஸோனுக்கு நகர்த்த வழியில்லை. 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' போட்ட பிறகு சரியானது. அப்புறம் ஒன்று: அப்படிப் போட்டால், பாட் வரும் வரை பிவிசி பெண்டிங்கில்தான் இருக்கும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பழுது என்று நினைத்து மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டான்.

இரண்டாம் பதில்:
போஸ்ட்கிரஸ் என்றதும் நினைவு வருகிறது. புது வால்யூமை நேராக டேட்டா ஃபோல்டரிலேயே மவுண்ட் செய்தேன், 'ஃபோல்டர் காலியாக இல்லை' என்று சொல்லிக் கிளம்ப மறுத்தது. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தானாக வைக்கும் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' உள்ளே இருந்ததுதான் காரணம். பிஜிடேட்டாவை (போஸ்ட்கிரஸின் தரவு இருக்கும் பாதை) ஒரு துணை ஃபோல்டருக்கு மாற்றியதும் ஓடியது.

மூன்றாம் பதில்:
அண்ணா, எல்லாவற்றுக்கும் ரீடெய்ன் போட்டால் கிளவுட் பில் ஏறாதா?

முதலில் எழுதியவர்:
ஏறும், தம்பி. பிவிசி போன பிறகும் பிவி 'ரிலீஸ்ட்' நிலையில் நிற்கும், டிஸ்க்குக்குக் காசு ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி பயன்படுத்த வேண்டுமானாலும் பழைய கிளெய்ம் குறிப்பைக் கையால் நீக்க வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை ரிலீஸ்ட் பட்டியலை எடுத்து, யாருடையது என்று கேட்ட பிறகே அழிக்கிறோம். இன்று காலை பார்த்ததில் 4 இருந்தன. இரண்டுக்கு உரியவர் யார் என்று தெரியவில்லை. அவற்றைத் தொடவில்லை.