ஆக்ஸிஜன் மறுசோதனையிலும் தவறிய பச்சிளங்குழந்தை: எக்கோ (இதய ஸ்கேன்) கிடைக்கும்வரை என்ன செய்கிறீர்கள்?

பச்சிளங்குழந்தை வார்டில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. கடுமையான பிறவி இதயக் கோளாறு இருக்கிறதா என்று அறிய, பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிறோம். எதிலாவது 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் குழப்பமில்லை, உடனே மருத்துவரை அழைத்துவிடுவோம். 90–94 வந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுசோதனை. பாதம் சில்லிட்டிருந்தாலும், குழந்தை காலை உதைத்தாலும், சென்சார்மேல் வெளிச்சம் பட்டாலும் அளவு தப்பும். திரையில் அலை சீராகாமல் எண்ணைக் குறிப்பதில்லை.

மறுபடியும் தவறி, எக்கோ எடுக்க ஆளில்லாத இரவென்றால்? கிருமித்தொற்று, நுரையீரல் கோளாறு இரண்டையும் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்த முடிவுகளுக்காகக் காத்திருக்கையில், சில இதயக் கோளாறுகளில் ரத்த ஓட்டத்துக்கே ஆதாரமான டக்டஸ் என்ற ரத்தக்குழாய் மூடிக்கொண்டால் குழந்தை சரிந்துவிடும். அந்தக் குழாயைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறீர்கள்? அதில் மூச்சு நிற்கும் அபாயம் உண்டே. வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது முன்கூட்டியே மூச்சுக்குழாய் போட்டுவிடுகிறீர்களா?